ரொறன்ரோ வட்டார இடைத்தேர்தல்: வேட்பாளரின் பின்னணியை நீங்களே சரிபார்ப்பது எப்படி

ரொறன்ரோ நகரசபைக்குப் போட்டியிட 100 டொலரும் 25 வாக்காளரின் கையொப்பமும் போதும். கனடியக் குடியுரிமை வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், நகரத்துக்குள் வசிக்க வேண்டும். வசிக்காதவர் என்றால், தன் பெயரிலோ துணையின் பெயரிலோ இங்கே சொந்தமாகவோ வாடகைக்கோ ஓர் இடம் இருந்தாலும் சரி. இதெல்லாம் உண்மை என்று அவரே உறுதிமொழி கொடுப்பார். நகரத் தேர்தலை நடத்தும் சிட்டி கிளார்க் அலுவலகம் இந்தத் தகுதிகளைப் பார்த்து மனுவை ஏற்கும். எங்கே படித்தார், என்ன வேலை செய்தார், எந்த நிறுவனத்தை நடத்தி மூடினார், எந்த வழக்கில் தோற்றார் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. குற்றப்பதிவு இருப்பதுகூடத் தடையில்லை. சிறையில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருப்பவர்தான் நிற்க முடியாது.

ஆகவே "சிட்டி செக் பண்ணித்தானே பட்டியலில் பெயர் போட்டிருப்பார்கள்" என்ற நம்பிக்கையை முதலில் கழற்றி வையுங்கள். துண்டுப்பிரசுரத்தில் இருப்பது வேட்பாளர் தன்னைப் பற்றித் தானே எழுதியது. அதைச் சரிபார்க்க வேண்டியவர் வாக்காளர்தான். அதற்குத் தேவையான பதிவேடுகளில் பெரும்பாலானவை இணையத்தில் இலவசமாகத் திறந்து கிடக்கின்றன. எந்த வசனத்துக்கு எந்தப் பதிவேடு என்று தெரிந்தால் ஒரு வேட்பாளருக்கு ஒன்றரை மணி நேரம் போதும்.

எவ்வளவு நாள் இருக்கிறது

ஓர் ஆசனம் வெறுமையானால் நகரசபை ஒருவரை நியமிக்கலாம், அல்லது இடைத்தேர்தல் வைக்கலாம். இடைத்தேர்தல் என்றால் வேட்புமனு முடியும் நாளுக்கும் வாக்களிப்பு நாளுக்கும் இடையில் 45 நாள். நகரசபை உறுப்பினராக இருந்த ஜெனிபர் மக்கெல்வி 2025 ஏப்ரலில் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானபோது ஸ்காபரோ ரூஜ் பார்க்கில், அதாவது வட்டாரம் 25இல், மனுக்கள் ஓகஸ்ட் 15இல் முடிந்தன. வாக்களிப்பு செப்டெம்பர் 29இல் நடந்தது. முன்கூட்டிய வாக்களிப்பு நாள்கள் இடையில் வருவதால் உண்மையில் கையில் இருப்பது ஒரு மாதம் சொச்சம்தான்.

மனு முடியும் நாள் பிற்பகல் 2 மணிக்கு முன் வேலையைத் தொடங்காதீர்கள். கடைசி இரண்டு நாளில் பெயர்கள் வந்து விழும்; சிலர் பின்வாங்குவார்கள். கிளார்க் உறுதிப்படுத்திய பட்டியல் வெளிவந்த பிறகு தொடங்கினால் வீண்வேலை குறையும். பட்டியல் நீளமாகவே இருக்கும். 2017இல் அன்றைய வட்டாரம் 42இல் 29 பேர், 2021இல் வட்டாரம் 22இல் 27 பேர் நின்றார்கள். அத்தனை பேரையும் தோண்ட முடியாது, தேவையும் இல்லை. உங்கள் வாக்கைப் பெறக்கூடியவர்கள் என்று நீங்கள் நினைக்கும் நாலைந்து பேர், அவர்களோடு உங்கள் கோவிலும் சங்கமும் தூக்கிப் பிடிக்கும் ஒருவர். இவ்வளவு போதும்.

பிரசுரத்தை வசனம் வசனமாக உடையுங்கள்

ஒரு தாளை மூன்று பத்தியாகக் கோடிடுங்கள். இடப்பக்கம் வேட்பாளர் சொன்னது, நடுவில் எந்தப் பதிவேட்டில் அதைப் பார்க்கலாம், வலப்பக்கம் என்ன கிடைத்தது, எந்தத் தேதியில் பார்த்தீர்கள். எங்கள் பக்கத்தில் அடிக்கடி காணும் ஒரு வசனத்தை எடுத்துக்கொள்வோம்: "25 ஆண்டுகளாகச் சமூகத்துக்குச் சேவையாற்றிவரும் வெற்றிகரமான தொழிலதிபர், பொறியியலாளர், பல அமைப்புகளின் தலைவர்."

இதில் நான்கு தனித்தனிக் கூற்றுகள் இருக்கின்றன. "25 ஆண்டுகள்" என்பதற்குத் தொடக்க ஆண்டு ஒன்று இருக்க வேண்டும். "தொழிலதிபர்" என்றால் பதிவுசெய்த நிறுவனம் ஒன்று இருக்க வேண்டும். "பொறியியலாளர்" என்பது ஒன்ராறியோவில் உரிமம் பெற்றவர் மட்டுமே தொழிற்பெயராகப் பயன்படுத்தக்கூடிய சொல். "தலைவர்" என்றால் அமைப்பின் பெயரும் பதவிக்காலமும் வேண்டும். "வெற்றிகரமான", "சேவையாற்றிவரும்" போன்றவற்றை அடித்துவிடுங்கள். அவற்றைச் சரிபார்க்க ஒரு வழியும் இல்லை. முழுப் பிரசுரத்திலும் இப்படி அடித்த பிறகு தாளில் ஒன்றுமே மிஞ்சாத வேட்பாளர்களும் இருக்கிறார்கள். அது தெரிந்ததே ஒரு தகவல்தான்.

பிரசுரத்தையும் வேட்பாளரின் இணையத்தளத்தையும் முதல் நாளே படமெடுத்து வையுங்கள். பிரச்சார நடுவில் வசனங்கள் மாறும். பழைய தளம் ஒன்று இருந்தால், பழைய இணையப்பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷினில் தேடுங்கள். நாலு வருடத்துக்கு முன் மாகாணத் தேர்தலில் நின்றபோது போட்ட வாழ்க்கைக்குறிப்புக்கும் இப்போதைய குறிப்புக்கும் இடையே வேலையின் பெயரும் ஆண்டுகளும் எப்படி வளர்ந்திருக்கின்றன என்று பார்ப்பது சுவாரசியமான வேலை.

பெயரில்தான் தேடல் சறுக்கும்

தமிழ் வேட்பாளர்களைத் தேடும்போது அதிகம் பிழைப்பது இங்கேதான். வாக்குச்சீட்டில் உள்ள பெயர் சட்டப்பூர்வப் பெயராகவே இருக்க வேண்டும் என்பதில்லை; கிளார்க் சம்மதித்தால், வேட்பாளர் விரும்பும் அழைபெயரையும் போடலாம். பட்டமோ தொழிலோ விருதோ சீட்டில் வராது. ஆகவே பிரசுரத்தில் "டொக்டர்" என்று பெரிதாக இருப்பவர் வாக்குச்சீட்டில் வெறும் பெயரோடு நிற்பார். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

தேடத் தொடங்கும் முன் பெயரின் எல்லா வடிவங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்பாவின் பெயர் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் இருக்கலாம். சிலருக்கு அதே பெயர் முதற்பெயர்க் கட்டத்துக்குள் போய்விட்டிருக்கும். இரண்டு கட்டத்தையும் மாற்றிப் போட்டுத் தேடுங்கள். கல்யாணத்துக்கு முந்திய பெயர் இன்னொன்று. பிறகு ஆங்கில எழுத்துக்கூட்டல்: "சிவ" என்று தொடங்கும் பெயர் தனி 'எஸ்'ஸோடும் வரும், 'எஸ்எச்'சோடும் வரும். "தரன்" என்ற முடிவு 'டிஎச்'சிலும் 'ரிஎச்'சிலும் எழுதப்படும். "ராஜா"வின் கடைசியில் ஒரு 'எச்' ஒட்டியிருக்கும், அல்லது இராது. "ஈஸ்வரன்" 'ஈ'யில் தொடங்குமா 'ஐ'யில் தொடங்குமா என்பது கடவுச்சீட்டு எழுதிய அதிகாரியின் கையில் இருந்த விடயம். நீண்ட பெயரைச் சுருக்கி இரண்டு அசையாக்கியவர்களுக்குத் தொழில் உரிமம் பெரும்பாலும் முழுப்பெயரில்தான் இருக்கும்.

பதிவேட்டில் பெயர் இல்லை என்றால் உரிமம் இல்லை என்று பாய்ந்து முடிவெடுக்காமல் இருக்கத்தான் இவ்வளவும். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஸ்காபரோவில் ஒரே பெயரில் பத்துப்பேர் இருப்பார்கள். வழக்குத் தீர்ப்பிலோ வங்குரோத்துப் பதிவிலோ பெயர் பொருந்தினால் மட்டும் போதாது. நடுப்பெயர், வயது, நிறுவனத்தின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றில் குறைந்தது இன்னும் இரண்டு விவரமேனும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அந்த வரியைத் தாளில் ஏற்றாதீர்கள்.

தொழில் உரிமங்கள்

இது மிகச் சுலபமான பகுதி, பத்து நிமிட வேலை. ஒன்ராறியோவில் உரிமம் வேண்டிய தொழில்களுக்குப் பொதுமக்கள் தேடக்கூடிய பதிவேடு உண்டு.

சட்டத்தரணி என்று சொல்பவரை ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் கையேட்டில் தேடுங்கள். அதே கையேட்டில்தான் பரலீகல்களும், அதாவது சில வகைச் சட்டவேலைக்கு மட்டும் உரிமம் பெற்றவர்களும், இருக்கிறார்கள். எங்கள் பேச்சில் இருவரையும் "லோயர்" என்போம், விளம்பரத்திலும் அந்த மயக்கம் வரும். கையேட்டில் எது என்று தெளிவாக இருக்கும். ஒழுக்காற்று நடவடிக்கை நடந்திருந்தால் அதுவும் அங்கே தெரியும். வீடு விற்பனை முகவர்களுக்கு 'ரேக்கோ'. மோட்கேஜ் முகவர், காப்புறுதி முகவர் ஆகியோருக்கு 'எஃப்எஸ்ஆர்ஏ'. இங்கே முகவர், புரோக்கர் என்ற இரண்டும் வெவ்வேறு உரிமங்கள். முகவராக இருப்பவர் பிரசுரத்தில் புரோக்கர் என்று எழுதினால் அது எழுத்துப்பிழையாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம்; கேளுங்கள். ஆசிரியர்களுக்கு ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரியின் பதிவேடு (இங்கே கல்லூரி என்றால் பள்ளிக்கூடம் அல்ல, உரிமம் கொடுக்கும் அமைப்பு), மருத்துவர்களுக்கு மருத்துவர் கல்லூரியின் பதிவேடு, பொறியியலாளர்களுக்கு 'பிஇஓ', குடிவரவு ஆலோசகர்களுக்கு 2021 நவம்பரில் தொடங்கிய குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் பதிவேடு. இலங்கையில் பொறியியல் படித்து, இங்கே வேறு வேலை பார்ப்பவர் "பொறியியல் பட்டதாரி" என்று எழுதினால் அதில் குற்றமில்லை. "பொறியியலாளர்" என்று எழுதினால்தான் உரிமத்தைக் கேட்க வேண்டும்.

மூன்று விடயம் குறித்துக்கொள்ளுங்கள்: உரிமம் இப்போது செல்லுமா, எந்த ஆண்டு கிடைத்தது, நிபந்தனையோ ஒழுக்காற்றுத் தீர்ப்போ இருக்கிறதா. முடிந்துபோன உரிமம் தன்னளவில் தவறில்லை. தொழிலை விட்டவர்கள் கட்டணம் கட்டுவதையும் விட்டுவிடுவார்கள்.

அரசாங்க வேலை, ரிரிசி என்ற நகரப் போக்குவரத்துச் சேவை, மருத்துவமனை, கல்விச்சபை, பல்கலைக்கழகம் என்று சொல்பவர்களுக்கு ஒரு நல்ல குறுக்குவழி 'சன்ஷைன் லிஸ்ட்'. பொதுத்துறையில் ஆண்டுக்கு 100,000 டொலரோ அதற்கு மேலோ சம்பளம் பெறுவோரின் பெயர், நிறுவனம், பதவி ஆகியவற்றை மாகாணம் ஒவ்வோர் ஆண்டும் வெளியிடுகிறது. "முகாமையாளராக இருந்தேன்" என்பவர் எந்த ஆண்டுகளில், என்ன பதவிப்பெயரில் இருந்தார் என்று அங்கே தெரியும். பெயர் அங்கே இல்லாவிட்டால் வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. சம்பளம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்திருக்கலாம்.

நிறுவனமும் சங்கமும் கோவிலும்

நிறுவனம் மத்திய அரசில் பதிவானதென்றால் கோர்ப்பரேஷன்ஸ் கனடா தேடலில் இயக்குநர் பெயர்கள், தொடங்கிய தேதி, ஆண்டு அறிக்கை போட்டிருக்கிறதா, கலைக்கப்பட்டதா என்பதெல்லாம் இலவசம். மாகாணத்தில் பதிவானதென்றால் ஒன்ராறியோ பிஸ்னஸ் ரெஜிஸ்ட்ரியில் நிறுவனம் இருக்கிறதா என்று சும்மா பார்க்கலாம். இயக்குநர் பெயருக்கு அறிக்கை வாங்கக் கட்டணம் உண்டு. உணவகம் நடத்துபவர் என்றால் நகரத்தின் டைன்சேஃப் தளத்தில் பரிசோதனை முடிவுகள் இருக்கின்றன. மாடிக்குடியிருப்பு வைத்திருப்பவர் என்றால், மூன்று மாடிக்கும் பத்து வீட்டுக்கும் குறையாத கட்டடங்களின் தரமதிப்பீடு ரென்ற்சேஃப் தளத்தில் கிடைக்கும். வீட்டு வாடகை பற்றிப் பேசும் வேட்பாளருக்கு அந்த மதிப்பீடு நல்ல துணைக்கேள்வி.

பதிவுபெற்ற அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் மத்திய வரித்துறையான சிஆர்ஏக்குக் கொடுக்கும் அறிக்கையில் இயக்குநர் சபைப் பெயர்கள், வரவு, செலவு, சம்பளத் தொகை எல்லாம் இருக்கும், யாரும் பார்க்கலாம். பல கோவில்களும் தேவாலயங்களும் இந்தப் பட்டியலில் உள்ளவைதான். "தலைவராக இருந்தேன்" என்றால் அந்த ஆண்டு அறிக்கையில் பெயர் இருக்க வேண்டும். அவர் தலைவராக இருந்த காலத்தில் அறிக்கை நேரத்துக்குப் போனதா, பதிவு இரத்தானதா என்பதும் அங்கேயே தெரியும். நகரத்தின் பாதீட்டில் வாக்களிக்கப்போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான பரீட்சை இல்லை.

ஊர்ச்சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள் பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் இராது. அங்கே வழி பழையதுதான்: ஆண்டுமலர், இரவு விருந்து அழைப்பிதழ், சங்கத்தின் இப்போதைய செயலாளரிடம் ஒரு தொலைபேசி அழைப்பு. "எந்த ஆண்டு நிர்வாகத்தில் இருந்தார்?" என்று மட்டும் கேளுங்கள். "அவர் எப்படிப்பட்ட ஆள்?" என்று கேட்டால் சங்கத்துக்குள் இருக்கும் பத்து வருடச் சண்டை முழுதும் வந்து விழும்.

ஏற்கெனவே பதவியில் இருந்தவரா? அங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

ரொறன்ரோ இடைத்தேர்தல்களைக் கவனித்தால் ஒரு பாதை தெரியும். 2017இல் வட்டாரம் 42இல் நீதன் சாண், 2023இல் வட்டாரம் 20இல் பார்த்தி கந்தவேள், 2024இல் வட்டாரம் 15இல் ரேச்சல் சேர்னோஸ் லின், 2025இல் வட்டாரம் 25இல் மீண்டும் நீதன் சாண். இந்த நான்கு இடைத்தேர்தலிலும் வென்றவர் ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபை உறுப்பினராக இருந்தவர். 2021இல் வட்டாரம் 22இல் வென்ற நிக் மன்ராஸ், முந்திய நகரசபை உறுப்பினரின் அலுவலகத்தில் வேலை செய்தவர். இடைத்தேர்தலில் வாக்களிக்க வருவோர் குறைவு. பெயர் தெரிந்தவரும் தொண்டர் பட்டியல் கையில் உள்ளவரும் முந்துவார்கள். ஆகவே உங்கள் நாலைந்து பேரில் ஒருவராவது இப்படிப்பட்டவராக இருப்பார். அவருடைய பின்னணி பிரசுரத்தில் இல்லை, கூட்டக் குறிப்பில் இருக்கிறது.

கல்விச்சபையின் கூட்ட அறிக்கைகளும் உறுப்பினர் செலவுக் கணக்கும் இணையத்தில் உண்டு. உங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றைப் பற்றிய ஒரு தீர்மானம், பாதீட்டு வாக்கெடுப்பு ஒன்று, அவரே கொண்டுவந்த பிரேரணை ஒன்று: மூன்றையும் எடுத்துப் படியுங்கள். வருகைப் பதிவையும் பாருங்கள். "தமிழ் மாணவருக்காகப் போராடினேன்" என்றால் பிரேரணையின் தேதியும் வாக்கு விவரமும் கேட்கலாம். பிரேரணையை முன்மொழிந்தவர் ஒருவர், வழிமொழிந்தவர் ஒருவர், சும்மா கை தூக்கியவர்கள் இருபது பேர்; பிரசுரத்தில் எல்லோரும் "நான் கொண்டுவந்தேன்" என்றே எழுதுவார்கள்.

நகரசபையில் முன்பு இருந்தவர் என்றால் நகரத்தின் கூட்டத் தளத்தில் பதிவான வாக்குகள் பெயரோடு இருக்கின்றன. பதவியில் இல்லாதவருக்கும் அந்தத் தளம் உதவும். குழுக்கூட்டத்தில் பேசப் பதிவுசெய்த பொதுமக்கள் பெயரும் அனுப்பிய கடிதங்களும் நிகழ்ச்சிநிரலோடு சேர்த்து வைக்கப்படுகின்றன. "இந்த வீதி அபிவிருத்தியை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவன் நான்" என்பவரின் பெயர் அந்த நிகழ்ச்சிநிரலில் இருக்கிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை. உறுப்பினர்களின் நடத்தை பற்றிய முறைப்பாடுகளைப் பார்க்கும் நேர்மை ஆணையாளரின் அறிக்கைகளும் அங்கேயே உண்டு. நகரத்தின் லொபியிஸ்ற் பதிவேட்டையும் விட்டுவிடாதீர்கள். கணினிக் குத்தகை ஊழல் பற்றிய பெல்லமி விசாரணை 2005இல் அறிக்கை கொடுத்த பிறகு உருவான பதிவேடு அது. வேட்பாளரோ அவருடைய நிறுவனமோ யாருக்காக எந்த விடயத்தில் நகரசபையை அணுகினார்கள் என்று அங்கே தேடலாம்.

உறுப்பினரின் அலுவலகத்தில் இருந்தவர் என்றால் பதவிப்பெயரைக் கேளுங்கள். முறைப்பாடுகளுக்குத் தொலைபேசி எடுத்தவரும் அலுவலகத் தலைமை அதிகாரியும் ஒரே அனுபவம் பெற்றவர்கள் இல்லை.

கட்சியும் காசும்

ரொறன்ரோ நகரசபைத் தேர்தலில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இல்லை. வேட்பாளருக்குக் கட்சி இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. மத்தியக் கட்சிகளுக்கு 200 டொலருக்கு மேல் கொடுத்தவர் பெயர்கள் இலெக்ஷன்ஸ் கனடா தளத்திலும், மாகாணக் கட்சிகளுக்கு ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் கொடுத்தவர் பெயர்கள் இலெக்ஷன்ஸ் ஒன்ராறியோ தளத்திலும் இருக்கின்றன. வேட்பாளரின் பெயரை அங்கே போட்டால் எந்தக் கட்சிக்கு எத்தனை வருடமாகக் கொடுக்கிறார் என்று தெரியும். முன்பு மத்திய, மாகாணத் தேர்தலில் நின்றிருந்தால் முடிவுகளும் அங்கேயே. நீதன் சாண் 2011இலும் 2014இலும் மாகாணத் தேர்தலில் என்டிபி கட்சி வேட்பாளராக நின்றதை இப்படித்தான் யாரும் நொடியில் உறுதிசெய்யலாம். இரண்டு கட்சிக்கும் மாறி மாறிக் கொடுத்திருப்பவரைக் கண்டால் வியக்க வேண்டாம். வியாபாரிகளிடம் அது சாதாரணம்.

இந்தத் தேர்தலுக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதை வாக்களிக்கும் முன் பார்க்க முடியாது. இடைத்தேர்தலின் நிதியறிக்கை வாக்களிப்புக்குப் பின் 75ஆம் நாள்தான் வரவேண்டும். முன்பு நகரசபைக்கோ கல்விச்சபைக்கோ நின்றவர் என்றால் அந்தப் பழைய அறிக்கை இப்போதே நகரத்தின் தளத்தில் இருக்கும். 100 டொலருக்கு மேல் கொடுத்தவர் பெயர் எல்லாம் அதில் வரும். படிக்கும்போது இவற்றைக் கவனியுங்கள்: உறுப்பினர் பதவிக்கு ஒருவர் ஒரு வேட்பாளருக்குக் கொடுக்கக்கூடிய உச்சம் 1,200 டொலர், நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் கொடுக்கவே கூடாது, 25 டொலருக்கு மேல் பணத்தாளாக வாங்கக் கூடாது. ஒரே முகவரியிலிருந்து நாலைந்து பேர் ஆளுக்கு 1,200 கொடுத்திருந்தால், ஒரே நிறுவனத்தின் பங்காளிகளும் துணைவர்களும் வரிசையாக வந்தால், அது சட்டமீறல் என்று சொல்ல முடியாது. ஆனால் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரிகிறது. 10,000 டொலருக்கு மேல் வரவோ செலவோ உள்ள அறிக்கையோடு கணக்காய்வாளரின் அறிக்கையும் இருக்க வேண்டும்.

இந்த அறிக்கைகளை யாரும் படிப்பதில்லை என்று நினைத்தவர்களுக்கு வட்டாரம் 22 நல்ல பாடம். 2018இல் வென்ற ஜிம் கரிஜியானிஸின் அறிக்கையில், ஆதரவாளருக்கு நன்றி சொல்லும் விருந்து, பரிசு என்ற வகையில் 32,083.50 டொலர் செலவு இருந்தது. அந்த வகைக்கு அவருக்கு இருந்த உச்சம் 6,120.80 டொலர். சட்டப்படி ஆசனம் போனது. 2019 நவம்பரில் ஒரு நீதிமன்றம் ஆசனத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2020 செப்டெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. 2021 ஜனவரி 15இல் நடந்த இடைத்தேர்தலே அதனால் வந்ததுதான். செலவு உச்சத்தை நீங்களே கணக்கிடலாம்: 5,000 டொலரோடு வட்டாரத்து வாக்காளர் ஒருவருக்கு 85 சதம் வீதம் கூட்டுங்கள். நன்றி விருந்துக்கு அதில் பத்தில் ஒன்று.

நிதியறிக்கை கொடுக்கத் தவறியவர் அடுத்த பொதுத்தேர்தல் முடியும் வரை நிற்க முடியாது. நேரத்துக்குக் கொடுத்தால் வேட்புமனுவோடு கட்டிய 100 டொலர் திரும்பக் கிடைக்கும். முந்திய தேர்தல்களில் நின்றவர் பிந்திக் கொடுத்தாரா, திருத்தி மீண்டும் கொடுத்தாரா என்பது அவர் தாள்வேலையை எப்படிச் செய்வார் என்பதற்கு நல்ல மாதிரி.

வழக்கும் வங்குரோத்தும்: எதைத் தேடலாம், எதை விட வேண்டும்

கன்லீ என்ற இலவசத் தளத்தில் நீதிமன்றத் தீர்ப்புகளையும் பல தீர்ப்பாயங்களின் முடிவுகளையும் பெயர் போட்டுத் தேடலாம். வாடகைத் தீர்ப்பாயத்தின் முடிவுகள் சிலவும் வரும். அதில் இருப்பது எழுதி வெளியிட்ட தீர்ப்புகள் மட்டும். வழக்குப் போட்டுச் சமாதானமானவை, இன்னும் நடப்பவை பெரும்பாலும் வராது. ஆகவே கன்லீயில் ஒன்றும் இல்லை என்றால் "வழக்கே இல்லாதவர்" என்று எழுதாதீர்கள். தீர்ப்பு கிடைத்தால் கடைசி வரை படியுங்கள். வழக்காளியா எதிராளியா, வென்றாரா, மேன்முறையீட்டில் மாறியதா என்பவை முதல் பக்கத்தில் இராது.

வங்குரோத்துப் பதிவுகளை மத்திய அரசின் தளத்தில் ஒரு தேடலுக்கு 8 டொலர் கட்டிப் பார்க்கலாம். எல்லோருக்கும் இதைச் செய்ய வேண்டாம். புலம்பெயர்ந்து வந்து ஒரு கடையைத் தொடங்கி நொடித்துப்போனவர்கள் எத்தனையோ பேர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "நிதி நிபுணர்", "கோடிக்கணக்கில் தொழில் நடத்தியவர்" என்பதையே தகுதியாகக் காட்டுபவருக்கு மட்டும் அந்த 8 டொலரைச் செலவழியுங்கள்.

குற்றப்பதிவைப் பெயர் போட்டுத் தேடும் பொதுப்பதிவேடு கனடாவில் இல்லை. பொலிஸ் சான்றிதழை அந்த ஆளின் சம்மதத்தோடுதான் எடுக்கலாம். வேட்பாளரிடம் கேட்கலாம், அவர் மறுக்கலாம். "எனக்குத் தெரிந்த பொலிஸ்காரர் பார்த்துச் சொன்னார்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அப்படிப் பார்ப்பது அந்தப் பொலிஸ்காரருக்கே பிரச்சினை.

வட்டாரத்தில் வசிக்கிறாரா என்பது இன்னொரு நிரந்தரச் சண்டை. சட்டம் அதைக் கேட்கவில்லை. நகரத்தின் எந்த மூலையில் இருந்தும் நிற்கலாம். கையொப்பமிட்ட 25 பேரும்கூட வட்டாரத்துக்காரராக இருக்க வேண்டியதில்லை. வேட்புமனு பொது ஆவணம், கிளார்க் அலுவலகத்தில் கேட்டால் காட்டுவார்கள். பிரசுரத்தில் "உங்கள் அயலவர்" என்று இருந்தால் நேரே கேளுங்கள்: எந்த ஆண்டிலிருந்து? வீட்டு முகவரியை எங்கும் போடாதீர்கள், வீட்டு வாசலுக்கும் போகாதீர்கள்.

கிடைத்ததை வைத்து என்ன செய்வது

தாளில் முரண் இருக்கும் வரிகளை வேட்பாளருக்கே எழுதுங்கள். நகரத்தின் பட்டியலில் வேட்பாளர் கொடுத்த மின்னஞ்சலோ தொலைபேசியோ இருக்கும். கேள்வி குறுகியதாகவும், ஆம் இல்லை என்று மட்டும் பதில் சொல்ல முடியாததாகவும் இருக்கட்டும். "நீங்கள் உண்மையில் பொறியியலாளரா?" என்றால் கோபம்தான் வரும். "பிரசுரத்தில் பொறியியலாளர் என்று உள்ளது. பிஇஓ பதிவேட்டில் இன்ன எழுத்துக்கூட்டலில் தேடினேன், கிடைக்கவில்லை. எந்தப் பெயரில், எந்த ஆண்டு உரிமம் என்று சொல்ல முடியுமா?" என்றால் பெரும்பாலும் பதில் வரும். பாதிச் சிக்கல் பெயர் எழுத்துக்கூட்டலில் தீர்ந்துவிடும். நாலு நாள் அவகாசம் கொடுங்கள். பதிலையும் பதில் வராததையும் தேதியோடு எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பில் போடுவதென்றால் பதிவேட்டின் பெயர், பார்த்த தேதி, வேட்பாளரின் பதில் மூன்றும் இருக்க வேண்டும். அது இல்லாத வரி வதந்தி. ஒன்ராறியோவில் அவதூறு வழக்கு வதந்தியைத் தொடங்கியவரோடு நிற்காது, அனுப்பியவர் வீட்டுக்கும் வரும். எங்கட ஆள் என்றால் பதிவேட்டைப் பார்க்காமல் விடுவதும், மற்ற ஆள் என்றால் பத்து வருடப் பழைய தீர்ப்பைத் தோண்டுவதும் நடக்கும். எல்லா வேட்பாளருக்கும் அதே வரிசையில், அதே பதிவேடுகளில் பார்த்தால் மட்டுமே தாளுக்கு மதிப்பு.

வாக்களித்த பின் தாளை எறியாதீர்கள். நாட்காட்டியில் 75ஆம் நாளைக் குறித்து, வென்றவரின் நிதியறிக்கை வந்ததும் கொடுத்தவர் பெயர்களையும் நன்றி விருந்துச் செலவையும் பாருங்கள். கணக்கில் பிழை இருப்பதாக நினைத்தால் எந்த வாக்காளரும் 90 நாளுக்குள் கணக்காய்வு கேட்டு கிளார்க்கிடம் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். காரணத்தையும் அறிக்கையின் எந்த வரி என்பதையும் எழுத வேண்டும். நகரத்தின் கணக்காய்வுக் குழு அதை எடுத்து முடிவு செய்யும்.